நான்காவது ஆள்

தண்ணீருக்கு மேலே தலை வந்ததும் கண்ணாடிக்காரன் சொன்னான்: “அப்பாடா.”

பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். பதினொரு நாளாக இதே கதை.

மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தின் நீச்சல்குளம் அது. ஆழமான பக்கத்தில் துருப்பிடித்த இரும்புத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் எதிரியின் கப்பல். மூச்சைப் பிடித்து முங்கிப்போய், காந்தம் வைத்த குண்டை அதில் ஒட்டிவிட்டு, சத்தம் காட்டாமல் மேலே வர வேண்டும். இப்போதைக்குக் குண்டுக்குள் வெறும் மணல்.

கண்ணாடிக்காரனை வேகத்தில் யாரும் நெருங்க முடியாது. ஜன்னல் ஜன்னலாகக் கண்ணாடி பொருத்திய கை. குண்டு பூப்போல ஒட்டும். மேலே வந்த பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன வார்த்தை.

சொல்லிப் பார்த்தார். கத்திப் பார்த்தார். பல்லில் துணியைக் கடிக்கக் கொடுத்தார், துணிக்குள்ளிருந்தும் கேட்டது.

“கப்பல் மேல நிக்கிறவன் அதைக் கேட்டுட்டு, வாங்க மாப்பிள்ளைன்னு ஏணி போடுவானாய்யா?”

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரனும் சிரித்தான். அதுதான் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

துண்டு கொண்டுவரும் புத்திகூடக் கிடையாது. தினமும் அவர்தான் தன் பையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து அவன் முகத்தில் எறிய வேண்டும்.

குண்டுகள் நான்கு. ஆட்கள் ஐந்து. மூன்று பேர் தேறிவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்கு இவன், இல்லாவிட்டால் தபால்காரர்.

தபால்காரருக்கு நாற்பது தாண்டிவிட்டது. குளிர்ந்த தண்ணீரில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

போன தடவை போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை என்பது ஐந்து பேருக்குமே தெரியும்.

நாளைக்குப் புறப்பாடு. இன்னும் ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான் என்றார் பயிற்சியாளர்.

கண்ணாடிக்காரன் முங்கினான். தகடு லேசாக அசைந்தது.

தலை மேலே வந்தது. மூக்கால் மெல்ல மூச்சு விட்டான். உதடு பிரியவில்லை. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

தேறிய மூவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய தோள்கள் மெதுவாகத் தளர்ந்தன.

பயிற்சியாளர் பட்டியலை எடுத்து அவன் பெயரை அடித்தார். சத்தம் கேட்டது, தேறவில்லை என்றார்.

“அத்தான், நான் வாயே திறக்கலையே.”

பதினொரு நாளில் முதல் தடவையாக, அவரை ‘சார்’ என்று கூப்பிட மறந்துபோனான்.

அவர் பைக்குள் கைவிட்டார். இரண்டாவது துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. காலையில் அவனுடைய அக்கா மடித்து வைத்தது.

தபால்காரர் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து மணல் குண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

அவர் இறங்கியபோது தண்ணீரில் சத்தமே இல்லை.