சாலமன் சார் கார் தூக்கினார்

“ஜாக்கியில எது மேல, எது கீழன்னுகூட எனக்குத் தெரில சார். முன் வீல்ல கறகறன்னு சத்தம் வந்துகினே கீது. நீங்க கொஞ்சம் பாத்துச் சொன்னா நல்லாருக்கும்” என்றாள் பக்கத்து வீட்டு அம்மணி, கேட்டுக்கு வெளியே நின்றபடி.

சாலமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அன்று அவர் வாயைத் திறப்பது அதுதான் முதல் தடவை. “நாளைக்குக் காலையில வரேம்மா. அதெல்லாம் அவசரப்பட்டுச் செய்யற வேலை இல்ல.”

உண்மையில் அவர் ஒரு காரைக்கூடத் தூக்கியதில்லை. தாம்பரம் ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்ற மறு வருஷமே மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஓசூரில் இருக்கிறாள். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

அன்று மாலை முழுக்க போனில் வீடியோ பார்த்தார். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். காலையில் எழுந்து நான்கு நாள் தாடியை மழித்தார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அம்மணி பம்மலில் அந்தத் தெருவுக்குக் குடிவந்து மூன்று மாதம் இருக்கும். நாற்பத்தைந்து வயது, தனி ஆள். தினமும் சாப்பாட்டுப் பையோடு ஷேர் ஆட்டோ ஏறிப் போவாள். ஏதோ துணிக்கடையில் வேலை என்று சாலமன் நினைத்திருந்தார். போன மாதம்தான் அந்தப் பழைய காரை வாங்கியிருந்தாள்.

“முதல்ல ஹேண்ட் பிரேக். அப்புறம் ஃபர்ஸ்ட் கியர். பின் சக்கரம் ரெண்டுக்கும் முன்னால பின்னால கல்லு.” அவள் வீட்டு போர்ட்டிகோவில் நின்ற காரைப் பார்த்ததும் பழைய கவுன்ட்டர் குரல் அவருக்குத் திரும்ப வந்துவிட்டது.

“அத்தினி கல்லு எதுக்கு சார்?”

“முன்பக்கம் தூக்கும்போது வண்டி உருளக் கூடாதில்ல? நட்டையும் தரையில இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திடணும். தூக்கின அப்புறம் முக்கினா வண்டி ஆடும்.”

அம்மணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் இன்னொன்று கேட்டாள். அவர் இன்னும் விளக்கமாகச் சொன்னார். காரின் மூக்கு மெல்ல மெல்ல உயர்ந்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அம்மணி அதை வாங்கி, காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கையாகத் தள்ளி வைத்தாள். “வழியில கெடந்தா யாராச்சும் தடுக்கி வுழுவாங்க.”

“நல்லது. இனிமேதாம்மா முக்கியம். ஜாக்கி தூக்கறதுக்குத்தான், தாங்கறதுக்கு இல்ல. ஸ்டாண்ட் வெக்காம அடியில தலையை விடவே கூடாது.” ஸ்டாண்ட் அவரிடம் இல்லை. சுவரோரம் கிடந்த ஹாலோ பிளாக் கல்லைத் தூக்கி வந்தார்.

“அது பொடிஞ்சிடாதா சார்?”

“ஆமா, அதையும் சொல்லியிருந்தாங்க” என்று உளறிவிட்டுக் கல்லைக் கீழே வைத்தார். “சரி, வெளியிலேருந்தே பாத்துடறேன்.”

போன் விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்தார். சரியாகத் தெரியவில்லை. மல்லாந்து படுத்தார். தலை உள்ளே போனது, பிறகு தோளும் போனது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, என்னவென்று தெரியவில்லை என எப்படிச் சொல்வது?

“சார், வெளிய வாங்க.”

“ஒரே நிமிஷம்மா.”

வழவழப்பான டைல்ஸில் ஜாக்கியின் அடிப்பாகம் ஒரு விரல்கடை நகர்ந்தது.

அம்மணி பாய்ந்து அவருடைய இரண்டு கணுக்காலையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அவர் தலை வெளியே வந்ததும் கார் தடாலென்று இறங்கியது. கீழே கிடந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, குலுங்கி நின்றது.

சாலமன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டை முதுகுப்பக்கம் கிழிந்திருந்தது.

அம்மணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். மாடிப்படிக்கு அடியிலிருந்து சக்கரம் வைத்த பெரிய ஜாக்கி ஒன்றை உருட்டி வந்தாள். அடுத்து இரும்பு ஸ்டாண்ட் இரண்டு வந்தன. காரைத் தூக்கினாள், ஸ்டாண்டை நிறுத்தினாள், இடுப்பால் இடித்து ஆடுகிறதா என்று பார்த்தாள். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை.

பிரேக் தட்டுக்குப் பின்னால் விரலை விட்டுச் சின்னக் கல் ஒன்றை எடுத்து வெளியே எறிந்தாள். “இவ்ளோதான் சத்தம்” என்றாள், அவரைப் பார்க்காமல்.

“யாரும்மா நீங்க?”

“குன்றத்தூர் ரோட்டுல லாரிப் பட்டறை வெச்சிருக்கேன் சார். பதினெட்டு வருஷம் ஆச்சு.” துணியில் கையைத் துடைத்தாள். “தப்பு என்னுதுதான். நீங்க சந்தோஷமா சொல்லிகினு இருந்தீங்களா, நடுவுல நிறுத்த மனசு வரல. ஸ்டாண்டை முதல்லயே எடுத்துப் போட்டிருக்கணும்.”

சாலமன் நோட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். அவமானமாக இருந்தது.

“எல்லாம் தெரிஞ்சவங்க என்னை எதுக்கும்மா கூப்பிட்டீங்க?”

அம்மணி அவருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“மூணு மாசமா உங்க வூட்டுல பேச்சுக்குரலே கேக்கல சார்.”