சேர்ந்து இறங்கிய குண்டுகள்

“மாப்பிள, இன்னொரு தடவை யோசிச்சுக்கிடுங்க. குண்டு ரெண்டும் சேர்ந்து இறங்கிச்சுன்னா, சாயிரா இனி உங்க வீட்டுக்கு வரமாட்டா.”

கடை வாசலில் கூடியிருந்த டாக்ஸிக்காரர்களுக்கும் கேட்கும்படிதான் முகைதீன் சொன்னார். மில் ஸ்ட்ரைக்கில் வேலை போய், கடன் வாங்கி வண்டி ஓட்ட வந்தவர்கள் அவர்கள். தாராவியில் அவர் கடை என்ஜின் ஆயிலைத்தான் ஊற்றுவார்கள்.

மருமகன் மன்சூர் அலி அசரவில்லை. அம்பர்நாத் தொழிற்சாலையில் எண்ணெய் சோதிப்பது அவன் வேலை. எண்ணெய் நிரப்பிய உயரமான இரண்டு கண்ணாடிக் குழாய்களை மேஜைமேல் நிறுத்தி, ஒரே அளவான இரண்டு பேரிங் குண்டுகளைக் கையில் எடுத்தான்.

“யோசிச்சாச்சு மாமா. உங்க ஆயில ஊத்தின வண்டியெல்லாம் வரிசையா மக்கர் பண்ணுது. இதுல மண்ணெண்ணெய் கலந்திருக்கு. இந்தா, இது நம்ம கடை ஆயில். அது எதுத்த கடை அபுதாஹிர் பாய்கிட்ட இப்பத்தான் நானே வாங்கினது. நல்ல ஆயில்னா குண்டைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் கீழ விடும். கலப்படம்னா சர்ருனு போயிரும்.”

“போச்சுன்னா கடையை மூடிட்டு ஜமாஅத்துல மன்னிப்புக் கேக்குதேன். எங்க வாப்பா காலத்துலேருந்து எங்களை ஒருத்தன் கைநீட்டிப் பேசுனதில்ல.”

“வாப்பா, வேண்டாம் வாப்பா…” திரைக்குப் பின்னால் சாயிராவின் குரல்.

“உள்ள போ!”

மகன் ஹனீப் டிரம்முக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கி நின்றான். வாப்பாவுக்குத் தெரியாமல் கோடவுனில் மண்ணெண்ணெய் கலந்தவன் அவன்தான்.

மன்சூர் பேரிங் குண்டுகளை ஒரே நேரத்தில் விட்டான். இரண்டும் சற்றே விரைந்து, பிறகு ஒரே சீராக, ஒன்றின் நிழல் மற்றொன்று என்பதுபோல் இறங்கி, சேர்ந்தே அடியைத் தொட்டன.

“இல்ல, ரெண்டுமே…” என்று மன்சூர் தொடங்கினான்.

“க்யா மியா, தேக் லியா?” பார்த்துக்கிட்டீரா என்று ஒருவன் இந்தியில் கத்த, சிரிப்பில் மன்சூரின் பேச்சு அமுங்கிவிட்டது.

“பாத்தாச்சுல்ல? படி இறங்குங்க” என்றார் முகைதீன்.

மன்சூர் திரையையே பார்த்தான். அது அசைந்தது; விலகவில்லை. குழாய்களைக்கூட எடுக்காமல் போய்விட்டான். கூட்டமும் கலைந்தது.

உள்ளே தங்கை விம்முவது கேட்டது. ஹனீபால் தாங்க முடியவில்லை.

“வாப்பா… மச்சான் சொன்னது நெசம். நாந்தான் நம்ம டிரம்முல கலந்தேன். எப்படிச் சேர்ந்து இறங்கிச்சுன்னுதான் எனக்கு விளங்கல. மச்சானைத் திரும்பக் கூப்பிடுங்க வாப்பா. இவ என்ன பாவம் செஞ்சா?”

முகைதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“நீ கலந்த மறுநாளே வாடை காட்டிக் கொடுத்திருச்சுலே. குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல? அன்னையிலேருந்து அபுதாஹிர் கடைக்கும் நம்ம டிரம்மைத்தான் மலிவு விலைக்கு அனுப்பிக்கிட்டிருக்கேன்.”