வைக்காத மாத்திரை

நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கி எடுத்துவிட்டாள் நர்ஸ் எமல்டா. நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

கட்டிலில் மருதப்பன். அறுபத்திரண்டு வயது. நெஞ்சைப் பிடித்தபடி வேர்த்து நனைந்திருந்தார்.

எமல்டா அவசரப் பிரிவுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. டாக்டர் பக்கத்துக் கட்டிலில் விபத்துக் கேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “மாத்திரையை வச்சிரு சிஸ்டர்” என்று அங்கிருந்தே குரல் கொடுத்திருந்தார்.

கேட்காமல் வைக்கக் கூடாது.

“ஐயா, வேற மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?”

“பிரஷருக்கு மட்டுந்தாம்மா.”

சொல்லும்போது அவர் கண் மகள் பக்கம் போய்வந்தது.

எமல்டா அதைப் பார்த்துவிட்டாள்.

“நீங்க போய் சீட்டு போட்டுட்டு வந்துருங்க” என்று மகள் பவித்ராவை அனுப்பினாள். திரையோரம் இன்னொரு பெண் நின்றிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை.

“இவங்க?”

“அப்பா கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. பதினெட்டு நாளாச்சு.” பவித்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

எமல்டா குனிந்தாள்.

“ஐயா, வெக்கப்படாதீங்க. தாம்பத்தியத்துக்குன்னு மாத்திரை எதுவும் சாப்பிட்டீங்களா? சாப்பிட்டிருந்தா இதை வைக்கக் கூடாது. பிரஷர் ஒரேயடியா இறங்கிரும். உயிருக்கே ஆபத்து.”

இல்லை என்று தலையாட்டினார்.

மானிட்டர் அலறியது. அவர் வாயைத் திறந்தார். அவள் விரல் மாத்திரையோடு அருகே போனது.

“வைக்காதீங்க!”

திரையோரம் நின்றவள்தான். வார்டே திரும்பிப் பார்த்தது.

“சாப்பிட்டிருக்காரு. விடியக்காலைல. நீலக் கலர் மாத்திரை.”

அவளுக்குப் பின்னால், கையில் சீட்டோடு பவித்ரா.

அந்தப் பெண் திரும்பி பவித்ராவைப் பார்த்தாள். முகம் கன்றிப்போனது. ஆனாலும் நிறுத்தவில்லை.

“நான் கண்ணால பாத்தேன் சிஸ்டர். எழுதிக்கோங்க.”

“சார், நைட்ரேட் வேண்டாம்!”

எமல்டா வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. டாக்டர் பாய்ந்து வந்தார். வேறு மருந்து, வேறு ஊசி. கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதினாள். மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் எழுதினாள். ஆஞ்சியோ அறைக்குப் போன் போட்டு இரண்டு முறை சொன்னாள். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது கூடவே ஓடினாள். ஆஞ்சியோ அறை வாசலில் நின்ற நர்ஸிடம் நேரிலும் ஒரு முறை சொன்னாள்.

ஒன்றரை மணிக்கு இதய ரத்தக்குழாயின் அடைப்பு திறந்தது.

டாக்டர் வெளியே வந்து அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். கண்ணாடியில் தெரிந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. யாரையாவது கட்டிப்பிடித்துக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அந்தச் சிரிப்போடுதான் ஐசியூ வாசலுக்கு வந்தாள்.

“கண் முழிச்சிட்டாரு. ஒருத்தர்தான் உள்ள போகலாம். யாரு போறீங்க?”

பவித்ரா எழுந்தாள்.

வராந்தாவின் கடைசி நாற்காலியில் அந்தப் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மருதப்பனின் துணிப்பை. யார் போகப்போகிறார்கள் என்றுகூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பவித்ரா கதவுப் பக்கம் போகவில்லை. வராந்தாவின் கடைசிவரை நடந்தாள். கையை நீட்டினாள்.

“பையக் குடுங்க. நான் வச்சிருக்கேன். நீங்க உள்ள போங்க.”