பஞ்சரான ஸ்கூட்டர், கடித்த ஷூ

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு சிரித்த முகமாக நடந்தான் ரகுபதி. வெயில் பிடரியில் அறைந்தது. குதிகால் தோல் உரிந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நேர்முகத் தேர்வுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்தான் இருந்தது. பஞ்சர் கடையோ கம்பெனிக்கு எதிர்த் திசையில் இருந்தது.

"வுடுங்க சார், நான் தள்ளிக்கிறேன். உங்க கால் வேற இப்படி இருக்குது," என்றாள் கூடவே நடந்துவந்த மெர்சி.

"பரவால்ல மேடம். உங்கள நடுரோட்டுல வுட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போறது?"

சொன்ன விதம் நன்றாக அமைந்துவிட்டதாக அவனுக்கே பட்டது.

உண்மையில் ரகுபதி அப்படியொன்றும் உதவிக்கு ஓடுகிற ஆள் இல்லை. அன்று காலைதான், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஒரு கீரைக்கார அம்மா கூடையைத் தலையில் ஏற்றிவிடச் சொல்லிக் கூப்பிட்டாள். இஸ்திரி போட்ட சட்டை அழுக்காகிவிடும் என்று, காதில் விழாதவன் போல ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

எல்லாம் அறை நண்பன் எல்லப்பன் சொன்ன செய்தியால் வந்தது. அந்தக் கம்பெனியில் உண்மையான தேர்வு உள்ளே நடப்பதில்லையாம். போகிற வழியிலேயே சிரமப்படுகிற மாதிரி ஓர் ஆளை நிறுத்திவைப்பார்களாம். யார் நின்று உதவுகிறார்களோ அவர்கள் பெயர்தான் பட்டியலில் ஏறுமாம். ஆனால் இண்டர்வியூ என்று வாயைத் திறந்துவிடக் கூடாது. வேலைக்காக உதவினான் என்று பெயரை அடித்துவிடுவார்களாம்.

ரகுபதிக்கு இந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது. இங்கே கிடைத்தால் பெர்மனென்ட் வேலை, அதுவும் குவாலிட்டி செக்‌ஷனில். நான்கு வருடமாக உற்பத்தி லைனில் நின்றே வேலை பார்த்தவன், எல்லப்பன் சொன்னதை நம்பத் தயாராகவே இருந்தான்.

ஆட்டோவிலிருந்து இறங்கி, அக்கா புருஷனிடம் இரவல் வாங்கிய ஷூ கடிக்க, நொண்டி நொண்டி நடந்தபோதுதான் அந்த ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றது. கசங்காத சுடிதாரும் கைக்கடிகாரமுமாக முப்பது வயதுப் பெண் ஒருத்தி, காலுக்கு என்ன ஆயிற்று என்று அக்கறையாக விசாரித்தாள். கம்பெனிக்குத்தான் போகிறேன் என்றான் இவன். தானும் அங்கேதான் என்று சொல்லி ஏற்றிக்கொண்டாள். முழுசாக அரை கிலோமீட்டர் போகவில்லை, பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. டயரில் சுருள் சுருளாக ஓர் இரும்புச் சீவல் குத்திக்கொண்டிருந்தது.

ரகுபதிக்கு அப்போதுதான் பளிச்சென்று புரிந்தது. முதலில் ஏற்றிக்கொண்டு பேச்சுக் கொடுப்பது, பிறகு வண்டியை நிறுத்துவது. என்னமாய் யோசித்திருக்கிறார்கள்!

உடனே தன் பெயரைச் சொல்லிவைத்தான். எழுதும்போது தவறிவிடக் கூடாதே என்று, இனிஷியலோடு "கே. ரகுபதி" என்றான். அவளும் சட்டென்று "எஸ். மெர்சி சார், மணிமங்கலம்" என்றாள். ஆபீஸில் இருப்பவர்களுக்கு இது பழக்கம்போல என்று நினைத்துக்கொண்டான்.

பஞ்சர் கடையில் இவர்களுக்கு முன்னால் மூன்று வண்டிகள் நின்றன. மெர்சி முகம் சுளிக்கவில்லை. மெடிக்கல் ஷாப்புக்கு ஓடிப்போய் பிளாஸ்திரியும் களிம்பும் வாங்கிவந்து கொடுத்தாள். அவன் அதை ஒட்டி முடிக்கும்வரை அவனுடைய பையைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள்.

அவனும் சளைக்கவில்லை. அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைத் தானே கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொன்னான்.

"இந்தக் காலோட உங்கள வுட்டுட்டுப் போனா எனக்கு மனசு கேக்காது சார்."

கடைச் சுவரிலிருந்த கடிகாரம் பத்தைத் தாண்டியபோது அவன் பதறி எழப்போனான். உடனே சுதாரித்துக்கொண்டான். தேர்வு வைக்கிறவளே பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தேர்வு முடிந்துவிடப் போகிறது?

நேரம் ஆக ஆக, தான் இயல்பிலேயே நல்லவன்தான் என்றுகூட அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது. நாளைக்கு அந்தக் கீரைக்கார அம்மா கூப்பிட்டால் கூடையைத் தூக்கிவிடலாம் என்று முடிவு செய்தான்.

இருவரும் கம்பெனி வாசலை அடைந்தபோது மணி பத்தே முக்கால். இருவரையும் ஏற இறங்கப் பார்த்த செக்யூரிட்டி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இண்டர்வியூ என்ற வார்த்தையை இருவருமே எடுக்கவில்லை.

"இண்டர்வியூன்னா முடிஞ்சி போச்சி. பத்து மணிக்கே ரிஜிஸ்டர உள்ள எட்துக்கினு போய்ட்டாங்க. இனிமே ஒருத்தரையும் வுடக் கூடாதுன்னு ஆர்டர்."

ரகுபதி கொஞ்சமும் அசரவில்லை. சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பணிவாக மெர்சியின் பக்கம் திரும்பி நின்றான். இதோ இப்போது அடையாள அட்டையை எடுப்பாள். கேட் திறக்கும். செக்யூரிட்டி சல்யூட் அடிப்பார்.

மெர்சியும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதே பணிவோடு, அதே புன்னகையோடு. பிறகு அவள் அருகில் வந்து, செக்யூரிட்டிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"டெஸ்ட் பண்ணது போதும் சார். நீங்க யாருன்னு அவர்கிட்ட சொல்லுங்க."