எங்க உம்மா வீட்டுக்கு வா

ருக்சானா அந்தச் செய்தியை நான்காவது முறையாகப் படித்தாள்.

'கல்யாணம் முடிஞ்சதும் நீ எங்க உம்மா வீட்டுக்கு வந்துரணும். நம்ம ஊரு வழக்கம் அதுதானே.'

திருநெல்வேலி ஜங்ஷன் நடைமேடையில் பெட்டியை முழங்காலோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சென்னை வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மறுநாள் சென்னையிலிருந்து பாங்காக்குக்கு விமானம். டிக்கெட்டை ஆமிர்தான் அனுப்பியிருந்தான். அங்கே ஓட்டலில் வேலை, மூன்று மாதத்தில் நிக்காஹ் என்று பேச்சு.

சொந்த ஊரான காயல்பட்டினத்திலேயே ரயில் ஏறியிருக்கலாம். ஏறினால் வண்டி அடுத்த ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் விஷயம் வாப்பா காதுக்குப் போய்விடும். அதனால் யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

செய்தியைப் படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

காயல்பட்டினத்தில் எந்தப் பெண் கல்யாணம் முடிந்து மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறாள்? வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர வேண்டும். தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

ஆமிருக்கும் தெரியும். அதுதான் அவளைப் போட்டுக் குழப்பியது.

நான்கு மாதத்துக்கு முன்பு, டேட்டிங் செயலியில் பேசத் தொடங்கிய முதல் வாரத்தில் அவனே எழுதியிருந்தான். 'நம்ம ஊருல மாப்பிள்ளைதானே பெட்டியோட வரணும். உன் வீட்டுக் கொடியில என் கைலிக்குக் கொஞ்சம் இடம் விட்டு வை.'

அந்த ஒரு வரியில்தான் அவள் விழுந்தாள். முதல் மாப்பிள்ளை பெட்டியோடு வெளியேறி ஆறு வருடமாகக் கொடி காலியாகத்தான் கிடந்தது.

'வெளையாடுதீங்களா?' என்று அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. 'இல்ல. உன் வீட்டைப் பூட்டிட்டு வா. எங்க ஊருல பொண்ணுதான் வரும். உங்க ஊருல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு.'

பொய்யன் என்றால் நான்கு மாதம் ஒரு பிசகு இல்லாமல் எப்படிப் பேசினான்? உண்மையானவன் என்றால் இன்றைக்கு அவனுக்கு என்ன வந்தது? இப்படிப் பார்த்தாலும் பிடிபடவில்லை, அப்படிப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

'ஏர்போர்ட்ல இறங்கினதும் பாஸ்போர்ட்டை டிரைவர்கிட்ட குடுத்துரு' என்று நேற்று அவன் எழுதியது இப்போதுதான் உறைத்தது.

செயலியின் மூலையில் 'புகார்' என்று ஒரு பொத்தான் இருந்தது. விரலைக் கொண்டுபோவாள், எடுத்துக்கொள்வாள். அமுக்கினால் ஆமிர் போய்விடுவான். அந்த நேரத்திலும் அவன்மேல் ஆசையாகத்தான் இருந்தது. அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

கடைசியில் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில்வே போலீஸ் அறைக்குப் போனாள்.

ஏட்டு பூதத்தான் ஆற அமர எல்லாவற்றையும் கேட்டார். சிரிப்பார் என்று பயந்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை.

"புகார் பொத்தானை இப்பம் அமுக்கிராதம்மா. கணக்கு மறைஞ்சிட்டுன்னா நம்ம கையில ஒண்ணும் மிஞ்சாது. மொதல்ல எல்லாத்தையும் படம் புடிச்சு வையி, சைபர் கிரைமுக்கு அனுப்பணும். அவன் தாய் தகப்பன் பேரைப் பைய கேட்டுப் பாரு."

புகார்த் தாளில் 'ஏமாற்றியவர்' என்ற இடத்தில் 'ஆமிர், காயல்பட்டினம்' என்று எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

'மாமியாப் போறவங்க பேருகூட எனக்குத் தெரியாதே' என்று ருக்சானா தட்டினாள்.

அந்தப் பக்கம் அவன் எழுதுவது தெரிந்தது. நின்றது. மறுபடியும் எழுதினான்.

'எங்க உம்மா பேரு அமலோற்பவம். புன்னைக்காயல்ல கோயிலுக்குப் பின்னால வீடு. அவங்களப் பாக்காம நீ கிளம்பாத.'

அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். ஏட்டின் பேனா நின்றது.

அமலோற்பவம் என்று ஒரு உம்மாவா? அது கடற்கரைக் கத்தோலிக்கர் வீடுகளில் வைக்கிற பேர். காயலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற புன்னைக்காயல் அவர்கள் ஊர். காயல் வழக்கம் அங்கே எல்லோருக்கும் அத்துப்படி.

"வேலைன்னு கூட்டிட்டுப் போயி, பாஸ்போர்ட்டைப் புடுங்கிக்கிட்டு, போன பயலுவளையே இப்படி ஆள் புடிக்க உக்கார வச்சிருதானுவம்மா" என்றார் ஏட்டு தணிந்த குரலில். "என்ன எழுதுதான்னு பின்னால ஒருத்தன் நின்னு பாத்துக்கிட்டே இருப்பான்."

பின்னால் நிற்கிறவன் ஒவ்வொரு சொல்லையும் படிப்பான். மாமியார் வீட்டுக்கு வா என்பதில் அவனுக்கு என்ன தப்புத் தெரியும்? காயல்காரி ஒருத்திக்குத்தான் அது தெரியும். 'வராதே' என்று எழுத முடியாதவன், அவள் நம்பவே முடியாத பொய்யாகப் பார்த்து எழுதியிருக்கிறான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தான் தப்பித்ததற்கா, அவன் அங்கே மாட்டிக்கொண்டிருப்பதற்கா என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஏட்டு எழுதிய தாளை ஓரமாக வைத்தார். மேசைக்குள்ளிருந்து வேறொரு தாளை எடுத்தார். ஆளைக் காணவில்லை என்று எழுதிக் கொடுக்கிற தாள். தாயார் பெயர், ஊர் இரண்டையும் தானே நிரப்பிவிட்டு மேலே வந்தார்.

முதல் வரியில் காணாமல் போனவரின் பெயர் கேட்டிருந்தது.

நான்கு மாதம் பொழுது விடிந்தால் அடைந்தால் அவனோடுதான் பேசியிருக்கிறாள். ஏட்டு பேனாவோடு காத்திருந்தார். அவன் பெயர் ருக்சானாவுக்குத் தெரியாது.