பகல் தூக்கம்

இரவு டூட்டி முடித்து வந்த கரீம் பாட்சா தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலைமாட்டிலேயே மனைவி மெஹராஜ் தையல் மிஷினைக் கடகடவென்று ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பார்க்க வந்த நாத்தனார் ஜுவைரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணன் தூங்க வேண்டாமா மதினி? தாராவிய விட்டு அமைதியான பில்டிங்குக்கு வந்தும் உங்களுக்கு மிஷின்தான் பெருசா?"

மெஹராஜ் நிறுத்தவில்லை. ஜுவைரியாவே சுவிட்சை அணைத்தாள்.

கரீம் பாட்சா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.

மெஹராஜ் மறுபடி சுவிட்சைப் போட்டு மிதித்தாள். அவன் சாய்ந்து குறட்டை விட்டான்.

ஜுவைரியா மிஷினை உற்றுப் பார்த்தாள். துணியும் இல்லை, ஊசியில் நூலும் இல்லை.

"தாராவியில தையல் பட்டறையிலேயே படுத்து வளந்தவரு. மூளை பழகுன சத்தத்தத் தேடுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன்ல பதிஞ்சு போட்டா ஏமாற மாட்டேங்காரு. தூங்க வைக்காம நான் விடமாட்டேன்."

ஜுவைரியா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"காலச் சட்டுன்னு எடுத்துராதீங்க மதினி. நான் மிதிக்கேன். நீங்க போயி சாப்பிடுங்க."