இறுகப் பூட்டிய அடைப்பான்

டிலோஜினியின் படகுக்குப் பின்னால் குந்தியிருந்த தனுசியா, அவள் வருவதைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

தாழ்வுபாட்டுக் கரையில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. தேசியப் பாய்ப்படகுப் போட்டியின் கடைசி நாள். இருவருக்கும் சம புள்ளி. இன்று முந்துகிறவள் தேசிய அணிக்குப் போவாள். பிந்துகிறவள் வீட்டுக்குப் போவாள்.

இப்படியொரு காலையில் திருகோணமலைக்காரிக்குப் பேசாலைக்காரியின் படகடியில் என்ன வேலை?

தனுசியா சிரித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். டிலோஜினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சிரிப்பே ஒரு மாதிரித்தான் இருந்தது.

அவள் போகும்வரை பார்த்திருந்துவிட்டுப் படகைச் சோதித்தாள். பாய்மரத்தைத் தட்டினாள். கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். சுக்கானை ஆட்டிப் பார்த்தாள். எதிலும் பழுதில்லை.

கடைசியாக அடைப்பான். படகின் வயிற்றுக்குள் தண்ணீர் புகாமல் பின்புற ஓட்டையை மூடுவது. எல்லாப் படகுக்கும் ஒரே மாதிரிதான், பெருவிரல் அளவு வெள்ளைப் பிளாஸ்டிக்.

அது இருந்தது. ஆனால் இறுகியிருந்தது. டிலோஜினி ஒருநாளும் அவ்வளவு இறுக்குவதில்லை.

அப்படியென்றால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். கழற்றி, உள்ளே என்னவோ செய்துவிட்டுத் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள்.

திருகிப் பார்த்தாள். விரலுக்கு அசையவில்லை. அதற்குள் விசில் ஊதிவிட்டது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பிறகு கடுக்கும் என்று, பத்து மணி ஓட்டத்தை ஏழு மணிக்கே முன்தள்ளியிருந்தார்கள்.

கடலில், ஓட்டம் தொடங்கச் சற்று முன், பக்கத்துப் படகிலிருந்து தனுசியா கத்தினாள்.

“டிலோ, படகு சரியோ?”

என்ன துணிச்சல்!

பாதித் தூரம் போனதும் படகு கனப்பதுபோல இருந்தது. உள்ளே தண்ணீர் குலுங்குகிறதோ? திரும்பிப் பார்த்தாள். இன்னொரு தரமும் பார்த்தாள். மூன்றாம் தரம் பார்த்தபோது, முன்னால் காற்று திரும்பியதை அவள் காணவில்லை. தனுசியா கண்டுவிட்டாள்.

ஒரேயொரு படகு நீளத்தில் தோல்வி.

கரையேறியவள் உடுப்புக்கூட மாற்றவில்லை. நேரே நடுவர் கூடாரத்துக்குப் போய் முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பினாள். நடுவர் சாஹுல் ஹமீட் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் படித்தார். தனுசியாவைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இவவின்ர படகைத் தொட்டனீங்களோ?”

“ஓம் சேர். அடைப்பான் இல்லாம ஓட்டை திறந்தபடி கிடந்தது. என்னட்ட மேலதிகமா ஒண்டு இருந்தது, பூட்டிவிட்டனான். அதைச் சொல்ல வந்தனான், இவ முகத்தைத் திருப்பிக்கொண்டா.”

“பொய் சேர்!” டிலோஜினியின் குரல் கூடாரத்துக்கு வெளியிலும் கேட்டது. “நேற்று என்ர கையால பூட்டினனான். அதுக்கென்ன கால் முளைச்சு நடந்து போச்சுதோ? என்ர படகு கடலில தாண்டு போனா இவவுக்குத்தானே வெற்றி. பிறகேன் காப்பாத்துறா? இவ என்ன புனிதையோ?”

நின்றவர்கள் சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. ஆனால் அவர் மனதிலும் அதே கேள்விதான் இருந்தது. கேட்காமல் இன்னொருவர் படகில் கை வைத்தவரை ஓட்டத்திலிருந்து நீக்கலாம். நீக்கினால் அணியில் டிலோஜினி.

அவர் பேனாவை எடுத்தார்.

தனுசியா ஈர மணலைப் பார்த்தபடி நின்றாள். மாட்டிக்கொண்டாள், நல்லா வேணும் என்று நினைத்தாள் டிலோஜினி.

“எடி பிள்ளை!”

மூச்சிரைக்க ஓடிவந்தாள் டிலோஜினியின் தாய் மார்த்தா. பூசைக்குப் போட்ட முக்காடு இன்னும் தலையில் இருந்தது.

“பத்து மணிக்கெண்டுதானேயடி சொன்னனீ? அதுக்கு முன்னம் வந்திடலாமெண்டு நினைச்சனான். அப்பான்ர வள்ளமெண்டா பங்குச் சாமி கரைக்கு வந்து தீர்த்தம் தெளிப்பார். இந்தப் படகைப் பேசாலைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகேலுமே? அதுதான் நேற்றுப் பொழுதுபட, உனக்குச் சாப்பாடு தந்திட்டுப் போகேக்க, கையால கழற்றக்கூடியதா ஒண்டைக் கழற்றிக்கொண்டு போனனான். காலமைப் பூசையில மாதாவின்ர காலடியில வைச்சு எடுத்துக்கொண்டு வாறன்.”

கையிலிருந்த லேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பெருவிரல் அளவு வெள்ளைப் பிளாஸ்டிக். தெளித்த தீர்த்தம் இன்னும் காயவில்லை.

“இது இல்லாம எப்பிடியடி கடலுக்குப் போனனீ?”



டிலோஜினியின் கை மேசைக்கு நீண்டது. நடுவரின் பேனாவுக்கு அடியில் கிடந்த படிவத்தை மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டது.